‘வண்டி இழுக்கவில்லை’: ஒரு புகாரை வாசித்தல்

கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கொண்டுசெல்லும் புகார்களில் மிக எளியதும் மிகக் குழப்பமானதும் ஒன்றே: “அண்ணே, வண்டி முன்ன மாதிரி இழுக்கல.” கிளம்ப மறுக்கும் வண்டி தன் குறையைத் தானே சொல்லிவிடுகிறது. புகை கக்கும் வண்டியும் சத்தமிடும் வண்டியும் எங்கே பார்க்க வேண்டும் என்று ஓரளவேனும் கைகாட்டுகின்றன. மந்தமாக ஓடும் வண்டி அப்படியல்ல. அது கிளம்புகிறது, ஓடுகிறது, வீடு வந்தும் சேர்கிறது. ஆனால் மிதித்த மிதிக்குரிய வேகம் இல்லை. மேட்டில் ஒரு கியர் கூடுதலாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. இருவழிச் சாலையில் லாரியை முந்துவதற்கு மனம் போட்ட கணக்கு, எதிரே பேருந்து தெரிந்த பிறகு பொய்க்கிறது.

இந்தக் கடைசி நிலையை நினைத்துப் பார்ப்பவர்கள், மந்தம் என்பதை வெறும் சௌகரியக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருந்தும் இப்புகார் எப்படிக் கையாளப்படுகிறது? பெரும்பாலும் ஆராயப்படுவதற்கு முன்பே ஏதேனும் ஓர் உதிரிப்பாகம் மாற்றப்படுகிறது. குணமாகவில்லையெனில் இன்னொன்று. மூன்றாவதோ நான்காவதோ பலிக்கும்போது, முந்தைய மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு நாம் நன்றி சொல்லிக் கிளம்புகிறோம். இந்நிலைக்கு மெக்கானிக்குகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. பொருளுக்குக் காசு கொடுக்கத் தயங்காத நாம், பார்த்ததற்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறோம். பாதிப் பொறுப்பு நம்முடையது என்பதே எங்கள் கருத்து.

முதலில் சொற்களிலிருந்து தொடங்கலாம்; இலக்கிய வாசகர்களுக்கு அது பழகிய இடம். பட்டறைத் தமிழில் மந்தத்திற்குப் பல பெயர்கள் உண்டு. “பிக்கப் இல்லை” என்றால் நின்ற நிலையிலிருந்தும் குறைந்த வேகத்திலிருந்தும் எழும்ப மறுக்கிறது என்று பொருள். “இழுக்கவில்லை”, “புல்லிங் இல்லை” என்பவை பாரத்திலும் ஏற்றத்திலும் தோற்கும் வண்டியைக் குறிக்கின்றன. “மிஸ்ஸிங் ஆகிறது” என்பது இடையிடையே ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போகும் திக்கல். “முக்குகிறது” என்றால் மிதிக்க மிதிக்க மூச்சடைத்தாற்போல் ஒரு வேகத்திற்கு மேல் போகாமை. “அலறுகிறது, ஆனால் ஓடவில்லை” என்பது முற்றிலும் வேறொன்று. இவை ஒரே பொருள் தரும் சொற்களல்ல. ஒவ்வொன்றும் வண்டியின் வெவ்வேறு உறுப்பை நோக்கி விரல் நீட்டுகிறது. நல்ல மெக்கானிக்குகள் இவ்வேறுபாட்டை நன்கறிவார்கள். புகார் சொல்பவரோ எல்லாவற்றையும் “என்னவோ சரியில்லை” என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார். ஆய்வின் முதல் கருவி ஓட்டுநரின் சொல்தான். அது மழுங்கியிருந்தால் மற்றக் கருவிகள் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

எனவே ஒர்க் ஷாப்புக்குப் போகும் முன் சில கேள்விகளுக்கு விடை வைத்திருப்பது நல்லது. மந்தம் திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் மெல்லக் கூடியதா? குளிர்ந்த இஞ்சினிலா, சூடேறிய பின்னா? எல்லாக் கியரிலுமா, மேல் கியர்களில் மட்டுமா? ஏ.சி.யை அணைத்தால் மாறுகிறதா? வழக்கமாக நிரப்பும் பங்க்கை மாற்றிய பின் வந்ததா, மழைநீரில் ஓட்டிய பின் வந்ததா? திடீர் மந்தத்திற்கு முறிந்த ஒன்றையோ கழன்ற ஒன்றையோ தேட வேண்டும். மெல்ல வந்ததற்கு அடைபட்டதையோ தேய்ந்ததையோ தேட வேண்டும். இந்த ஒரு வேறுபாடே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்து, நோயல்லாத மந்தங்களை விலக்க வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இஞ்சின் தன் திறனில் ஏறக்குறைய அதே பங்கை அங்கே இழந்தே தீரும். அதைக் குணப்படுத்த எந்தப் பட்டறையாலும் ஆகாது; குணப்படுத்த அங்கே நோயும் இல்லை. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏ.சி.யும் சேர்ந்தால் சிறிய இஞ்சின் திணறுவதும் அப்படித்தான். இன்று பரவலாகிவிட்ட, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலையும் இங்கே கருத வேண்டும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அக்கலவையில் சக்தி ஆறேழு விழுக்காடு குறைந்துவிடுகிறது. கணினி உள்ள வண்டிகள் சற்று அதிகமாகத் தெளித்து ஈடுகட்டிக்கொள்கின்றன. இழப்பு பெரும்பாலும் மைலேஜில் தெரியும். ஈடுகட்டத் தெரியாத பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கலவை மெலிந்து இழுவையிலேயே தெரியலாம். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் வண்டி மந்தமாக இருந்தால்தான் அது நோய்.

இனி ஆய்வின் முதல் கிளைப்பாதை. இஞ்சின் சக்தியை உண்டாக்கவில்லையா, உண்டான சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா? இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு நேரே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுபவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. “அலறுகிறது, ஆனால் ஓடவில்லை” என்ற புகாருக்கான விடை பெரும்பாலும் கிளட்சில் இருக்கிறது. வெறிச்சோடிய நேர்ச்சாலையில் நான்காம் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால், சுற்று முள் எகிறி வேக முள் எகிறாமலிருந்தால், கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு ஒரு கருவியும் தேவையில்லை.

அதேபோல் விடாமல் பிடித்திருக்கும் பிரேக். காலிப்பர் பிஸ்டன் துருவேறி இறுகிக்கொண்டாலோ கைப்பிரேக் கம்பி தளராமல் சிக்கிக்கொண்டாலோ வண்டி எப்போதும் பாதிப் பிரேக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதிகம் பிரேக் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களைத் தொடாமல் அருகே கையைக் கொண்டுபோனால் போதும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அனல் வீசினால் குற்றவாளி அங்கே இருக்கிறான். இதை அலட்சியப்படுத்தி மலைப்பாதையில் இறங்கினால் பிரேக் திரவம் கொதித்து மிதி தளர்ந்துபோகும் ஆபத்து உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அத்தகைய வண்டியோடு இறங்குவதை நினைத்துப் பார்த்தால், மந்தம் என்ற சொல் எவ்வளவு சாதுவாக ஒலித்து எவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்கிறது என்பது புரியும். டயர்க் காற்று குறைந்திருப்பதும் இவ்வகையே. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் சரியான அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படித்தவர்கள் சிலரே.

வழியில் இழப்பு இல்லையென்றால் இஞ்சினுக்கு வரலாம். அதன் தேவைகள் ஐந்து: காற்று, எரிபொருள், தக்க தருணத்தில் பொறி (டீசலில் பொறிக்குப் பதிலாக அழுத்தத்தின் வெப்பம்), சிலிண்டரின் இறுக்கம், எரிந்த புகை வெளியேற வழி. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் வண்டி மந்தமாகும்.

காற்றைப் பற்றி நாம் எண்ணுவதே இல்லை. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. அவ்வளவும் ஏர் ஃபில்டர் என்ற ஒரு காகித மடிப்பின் வழியே போகிறது. செங்கல் சூளைச் சாலைகளிலும் கட்டடத் தூசியிலும் ஓடும் வண்டியில் அது என்ன கதியாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஃபில்டரைத் தாண்டினால் திராட்டில் வாயில் கரி படிந்திருக்கலாம். காற்றோட்டத்தை அளக்கும் உணரி உள்ள வண்டிகளில் அதன் மெல்லிய கம்பியில் அழுக்கு படிந்தால், வந்த காற்றைவிடக் குறைவாக வந்ததென்று அது கணினிக்குப் பொய்சொல்லும். டர்போ வண்டியில் ஒரு குழாய் கிழிந்திருந்தால் சீறல் சத்தம் கேட்கும். இவ்வளவுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: காலடி விரிப்பு மடிந்து ஆக்ஸிலரேட்டர் மிதி முழுவதும் இறங்காமல் தடுக்கிறதா என்பது. சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் செலவில்லாத காரணங்களை முதலில் விலக்குவதே முறை.

எரிபொருள் பக்கம் அடைபட்ட ஃபில்டர், தளர்ந்த பம்ப், டீசலில் கலந்த தண்ணீர், கரிபிடித்த இஞ்செக்டர். நிதானமாக ஓடும்போது எல்லாம் சரியாக இருந்து ஏற்றத்தில் மட்டும் தோற்றால் பம்பின் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். ஊகித்து மாற்றக் கூடாது. பொறியின் பக்கம் தேய்ந்த பிளக்கும் விரிசலிட்ட காயிலும். இறுக்கத்தை அளக்க கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் மந்தம் வரும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஐந்தாவது தேவை, புகை வெளியேறும் வழி, அதிகம் மறக்கப்படுவது. சைலன்சருக்கு முன்னால் இருக்கும் காட்டலிடிக் கன்வர்ட்டரின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அறைகள் உள்ளன. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போனால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிகிறது. வெப்பம் மிகுந்து தேன்கூடு உருகி அடைத்துக்கொள்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் மனிதன் எப்படி ஓடுவானோ அப்படித்தான் அந்த வண்டியும் ஓடும். இஞ்சினின் உறிஞ்சு குழாயில் ஒரு வேக்குவம் கேஜைப் பொருத்தி, சுற்றை 2,500 அளவில் நிறுத்திவைத்துப் பார்த்தால், முள் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்குவது இந்த அடைப்பைக் காட்டிக்கொடுக்கும். விலை குறைந்த, மிகப் பழைய கருவி அது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பின் பரவலான டீசல் கரித்துகள் வடிகட்டியும் இவ்வகையில் சேரும். அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளத் தொடர்ச்சியான ஓட்டமும் மிகுந்த வெப்பமும் வேண்டும். தினமும் பள்ளிக்கும் கடைக்குமாக மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் கார் அந்த வாய்ப்பைப் பெறுவதே இல்லை. அங்கே நோய் வண்டியிலா, அதைத் தேர்ந்தெடுத்ததிலா என்பது கேட்கத்தக்க கேள்வி.

“இதெல்லாம் பழைய கதை, இப்போது ஸ்கேனரை மாட்டினால் கணினியே சொல்லிவிடுகிறதே” என்று சிலர் கேட்கக்கூடும். இந்த மறுப்பைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். ஏனெனில் இன்றைய குழப்பத்தின் மையம் இதுதான். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட, இன்று நம் கார்களிலும் உள்ள தன்னாய்வுக் கணினி குறையைக் கண்டதும் ஒரு குறியீட்டைப் பதித்துவைக்கிறது. ஆனால் அக்குறியீடு என்ன சொல்கிறது? பி0420 என்றால் கன்வர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே இருப்பதாகத் தெரிகிறது என்று பொருள். கன்வர்ட்டரை மாற்று என்று பொருளல்ல. புகைவழியில் ஓர் ஓட்டை இருந்தாலும், உணரி கெட்டிருந்தாலும் அதே குறியீடு வரக்கூடும். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. எங்கோ ஒரு குழாய் வழியே கூடுதல் காற்று நுழைகிறதா, காற்று உணரி பொய்சொல்கிறதா, பம்ப் தளர்ந்ததா என்பதைக் கணினி சொல்லவில்லை. குறியீடு ஒரு சாட்சியம். அதைத் தீர்ப்பாக வாசிப்பதுதான் பிழை.

அதே ஸ்கேனரில் இன்னொரு பக்கம் இருக்கிறது. இஞ்சின் ஓடும்போதே ஓடும் எண்கள். கணினி தன் கணக்குக்கு மேல் எவ்வளவு விழுக்காடு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அங்கே காணலாம். நின்றபடி ஓடும்போது அந்த எண் மிகுந்து சுற்று கூடும்போது குறைந்தால், காற்றுக் கசிவைத் தேட வேண்டும். பாரம் ஏறும்போது மிகுந்தால் பம்பையோ காற்று உணரியையோ சந்தேகிக்க வேண்டும். குறியீட்டைப் படிக்க ஒரு நிமிடம் போதும். இந்த எண்களை வாசிக்க அரைமணி நேரமும், வாசிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். கருவி மாறியிருக்கிறது. வாசிப்பின் தேவை மாறவில்லை, கூடியிருக்கிறது.

எங்கள் நண்பர் ஒருவரின் பெட்ரோல் கார் இதற்கோர் உதாரணம். எட்டு வயதான வண்டி, மெல்ல மெல்ல இழுவை குறைந்தது. முதல் ஒர்க் ஷாப்பில் பிளக்குகளும் ஃபில்டர்களும் மாற்றப்பட்டன. ஒரு வாரம் நன்றாக இருந்தது போலிருந்தது. பிறகு ஆக்ஸிஜன் உணரி, அதன் பின் பெட்ரோல் பம்ப். பதினெட்டாயிரம் ரூபாய் செலவான பின்னும் மேம்பாலங்களில் இரண்டாம் கியர்தான். மூன்றாவதாகப் போன சிறிய பட்டறையில் அந்த மெக்கானிக் அரைமணி நேரம் கேள்விகளாகவே கேட்டார். பிறகு வேக்குவம் கேஜை மாட்டினார். கன்வர்ட்டர் அடைபட்டிருந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. அது ஏன் அடைபட்டது என்று தேடிப்போய், ஒரு காயிலில் மயிரிழை போன்ற விரிசலைக் கண்டுபிடித்தார். காயிலை விட்டுவிட்டுக் கன்வர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் சில மாதங்களில் உருகியிருக்கும். நோய்க்கும் நோயின் காரணத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் நடந்து கடந்தார். மற்றவர்கள் கடக்கவில்லை.

அந்த மெக்கானிக் ஆய்வுக்கென்று தனியாக எழுநூறு ரூபாய் கேட்டார். நண்பருடன் வந்த உறவினர், “பார்த்ததுக்கா எழுநூறு?” என்று வாதாடினார். பதினெட்டாயிரம் கொடுத்த இடத்தில் அவர் வாதாடவில்லை. அங்கே பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த பணத்துக்குக் கையில் ஏதோ இருந்தது. எங்கள் வாதம் முழுவதும் இந்த இடத்தில் அடங்கிவிடுகிறது. நம் ரசீதுகளில் இரண்டே வரிசைகள்: பாகம், கூலி. கூலி என்பதும் பாகத்தைக் கழற்றி மாட்டியதற்கான கூலிதான். யோசித்ததற்கு ஒரு வரி இல்லை. ஐந்து நிமிடத்தில் கழன்ற குழாயைக் கண்டுபிடிப்பவருக்கு ஐம்பது ரூபாய். கண்டுபிடிக்காமல் மூன்று பாகம் மாற்றுபவருக்கு ஆயிரங்கள். இந்தக் கணக்கு வழங்கும் பரிசு யாருக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். அறிவுள்ளவன் பட்டினி கிடக்கவும் ஊகிப்பவன் செழிக்கவும் நாமே ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, “நல்ல மெக்கானிக் இப்போது எங்கே கிடைக்கிறார்கள்?” என்று அங்கலாய்க்கிறோம்.

மருத்துவரிடம் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. நாடி பார்த்து, “ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள்” என்று சொன்னாலும் ஆலோசனைக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மருந்து எழுதவில்லையே என்று பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. மெக்கானிக்கின் பார்வைக்கு அந்த மரியாதை இல்லாமல் போனதற்குக் காரணம், கையில் கரி படிந்தவனின் வேலை கையால் மட்டுமே செய்யப்படுவது என்ற நமது பழைய சாதிமனம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. எழுத்தையும் யோசனையையும் மதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் வாசக சமூகமும் இதற்கு விலக்கல்ல.

நிறுவனங்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிப்பாகங்களையும் ஆய்வுக் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்திருந்ததே குற்றச்சாட்டின் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. அதில் வாகனத் துறையும் அடக்கம். வரவேற்கத்தக்கதே. ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்களித்து, கார் ஆய்வுத் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். இணையவாசலுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் சிறியதல்ல. தகவல் பூட்டப்பட்டிருக்கும்வரை தெருமுனை மெக்கானிக் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். அவரது ஊகத்தில் ஒரு பகுதி அவர்மேல் திணிக்கப்பட்டது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? ஆய்வுக் கட்டணத்தைத் தனியே கேட்கும் பட்டறையைத் தேடிப்போகலாம். கேட்காதவரிடம் நாமே, “முதலில் பார்த்துச் சொல்லுங்கள், பார்த்ததற்குத் தனியாகத் தருகிறோம்” என்று சொல்லலாம். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், “எதை வைத்து இதுதான் என்று முடிவுசெய்தீர்கள்?” என்ற ஒரே கேள்வியைப் பணிவாகக் கேட்கலாம். அளந்தவர் எண்ணைச் சொல்வார். ஊகித்தவர், “இந்த மாடல்ல இதுதான் சார் பிரச்சினை” என்பார். இரண்டாவது பதிலும் சில சமயம் சரியாகவே இருக்கும். பல வண்டிகளைப் பார்த்த அனுபவம் பொய்யல்ல. ஆனால் அதன் விலை இருபதாயிரம் என்னும்போது, ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. வேலை முடிந்ததும் அதே மேட்டில், அதே கியரில், அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்த பிறகே பணம் தருவது இரு தரப்புக்கும் நல்லது.

இறுதியாக மீண்டும் சொற்களைப் பற்றி. ‘இழுக்கவில்லை’ என்று மட்டும் சொல்லிச் சாவியை நீட்டிவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை நாம் விட வேண்டும். எப்போது, எங்கே, எந்தக் கியரில், எந்த ஒலியோடு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகலாம்; கூடவே பத்து நிமிடம் பக்கத்து இருக்கையில் மெக்கானிக்கை உட்காரவைத்து ஓட்டிக்காட்டலாம். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க மறுக்கும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதில் நட்டம் எதுவும் இல்லை.